கோணேசரை உடைஞ்ச கல்லில மட்டும் தேடுறமா?

சித்திரை பிறந்தால் எங்கட முகநூல் முழுக்க அதே கதைதான். 1622 இல், வருசப்பிறப்பு நாளில், போர்த்துக்கேயர் திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்தார்கள். ஆயிரங்கால் மண்டபம், கடலுக்குள் போன தூண்கள், அந்தக் கல்லாலேயே கட்டின கோட்டை. பொய்யில்லை. கோட்டை வாசலில் இணைக்கயல் பொறிச்ச தூணை இப்பவும் பார்க்கலாம். 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலைக்குக் கீழே சுழியோடினது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

ஆனால் இந்தப் பதிவுகளில் ஒரு ஆளைக் காணேல்ல. கும்பிட்ட ஆளை.

இடித்ததற்கும் 1963 குடமுழுக்குக்கும் இடையில் 340 வருசம். மலையில் கோயிலே இல்லை, சுற்றிவரப் பட்டாளம். அப்பவும் சனம் போயிருக்கு. மலை விளிம்பில் நின்று கடலைப் பார்த்துத் தீபம் காட்டி, பூவையும் தேங்காயையும் கீழே போட்டுக் கும்பிட்டதைப் பிரித்தானியர் காலக் குறிப்புகளில் வாசிக்கலாம். சம்பந்தர் பதிகத்திலும் அந்த மலையும் கடலும்தானே நிறைஞ்சு நிற்குது! கட்டடம் போனாலும் அடியாருக்குத் தலம் போகேல்ல. 1950 இல் நகரில் கிணறு வெட்டேக்க வெளிவந்த சோமாஸ்கந்தர் முதலான விக்கிரகங்களையும் யாரோ கும்பிட்ட கைதானே மண்ணுக்குள் ஒளிச்சு வைச்சிருக்கும்? அந்தக் கையின்ர பெயர் ஒருத்தருக்கும் தெரியாது. தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின்ர பெயர் மட்டும் எங்களுக்கு நல்லாத் தெரியும்.

தம்பலகாமம் ஆதி கோணேஸ்வரத்தை எத்தனை பேர் பார்த்திருக்கிறம்? மலையில் கும்பிட்ட மூர்த்தி அங்கதான் மறைவாய் வந்து சேர்ந்தது என்பது ஊர் நம்பிக்கை. கந்தளாய்க் குளத்துத் தண்ணி பாயிற வயல்களுக்கு நடுவில் அந்தக் கோயில். விளக்கேற்றுறது, நெல்லுக் குத்துறது, பூக்கட்டுறது என்று ஆர் ஆருக்கு என்ன தொழும்பு என்று கோணேசர் கல்வெட்டு என்கிற பழைய நூலே விரிவாய்ச் சொல்லுது. தொழும்பு செய்த குடும்பங்களில் கனபேர் போரில் இடம்பெயர்ந்தவை. ஆர் திரும்பி வந்தவை, எந்தக் கடமை விட்டுப்போச்சு என்று சொல்லக்கூடிய கிழவன் கிழவிகள் குறைஞ்சுகொண்டு போகினம்.

நாங்கள் என்ன செய்யிறம்? கோட்டைக்குள்ளால் நடந்து, மானோடயும் இராவணன் வெட்டிலயும் படம் எடுத்து, பின்னேரம் பஸ் ஏறிவிடுறம். கண்டி வீதியால் வாற பஸ் தம்பலகாமச் சந்தியிலும் நிக்கும். அடுத்தமுறை அதில இறங்குவம், போனில் கமராவை விட்டு ஒலிப்பதிவைப் போட்டுக்கொண்டு.