பாக்ஸ் ஹில்லில் ஒரு பகல்

நம் சங்கத்து அன்பர்கள் சிலருடைய மக்கள் இப்போது இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கிறார்கள். அவர்களைக் கண்டு திரும்புவோர் லண்டன் மாநகரின் மணிக்கூண்டையும் அரண்மனை வாயிலையும் வருணிக்கக் கேட்டிருக்கிறோம். அந்நாட்டின் நாட்டுப்புறத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆதலின், லண்டனிலிருந்து ஒரு மணி நேரத்திற்குள் ரயிலில் சென்றடையக்கூடிய ஒரு குன்றைப் பற்றி இம்மாதம் எழுதத் துணிந்தோம். அங்குள்ள தங்கை சீட்டு வாங்கி அனுப்ப, சென்ற ஆண்டு மே மாதத்தில் அன்னையாரை அழைத்துச் சென்றபோது நாம் ஏறிய குன்று அது. பாக்ஸ் ஹில் என்பது பெயர்.

விக்டோரியா நிலையத்தில் வண்டி ஏறினோம். எப்ஸம், லெதர்ஹெட் என்னும் ஊர்களைக் கடந்து, மிக்கிள்ஹாம் சுரங்கத்தினூடே புகுந்து வெளிப்பட்டதும் ‘பாக்ஸ் ஹில் – வெஸ்ட்ஹம்பிள்’ நிலையம். வண்டி போன பின்னரும் நாம் நடைமேடையை விட்டு அகலாது நின்றதைக் கண்டு மைத்துனர் நகைத்தார். “மச்சான், மலை அந்தப் பக்கம் இருக்கிறது” என்றார். இருக்கட்டும். ரயில்வே குமாஸ்தாவுக்கு அந்த நிலையமும் ஒரு காட்சியே. 1867-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது; பல நிறச் செங்கற்களும், செங்குத்தான கூரையும், சிறு கோபுரமுமாக ஒரு பிரபுவின் மாளிகை போல் நிற்கிறது. அதற்குக் காரணம் தாமஸ் கிரிஸெல் என்பவர். லண்டனில் நெல்சன் தூணைக் கட்டிய குத்தகைக்காரர்களுள் ஒருவர் அவர். இருப்புப் பாதை சென்ற நிலம் அவருடையது. நிலையம் அழகாக இருத்தல் வேண்டும், சுரங்கத்தின் மேல் காற்றுத் துளைகள் தோண்டலாகாது என்று நிபந்தனை விதித்தார். வேண்டும்போது எந்த வண்டியையும் அங்கே நிறுத்தச் சொல்லும் உரிமையையும் பெற்றிருந்தாராம். நிலத்திற்கு நஷ்டஈடு கோரும் மனுக்களை நாம் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறோம். அழகு வேண்டுமென்று எவரும் மனுச் செய்ததாக நினைவில்லை.

நிலையத்திலிருந்து இறங்கி, பெருஞ்சாலையின் அடியில் உள்ள நடைவழியால் அப்புறம் சென்றால் மோல் என்னும் சிற்றாறு குறுக்கிடுகிறது. வறண்ட கோடைகளில் இவ்வாற்றின் நீர் சுண்ணப்பாறை வெடிப்புகளில் இறங்கி மறைந்து, கீழே வேறோரிடத்தில் தலைகாட்டும் என்பர். நாம் சென்ற நாளில் அது தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றைக் கடக்க வரிசையாகப் பதினேழு கற்கள் இட்டிருக்கிறார்கள். பகைவர் படையெடுப்பார்களோ என்ற அச்சத்தால் போர்க்காலத்தில் பழைய கற்களை அகற்றிவிட்டனர். 1946-இல் புதிய கற்களை வழங்கியவர் அன்றைய உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட்; திறந்து வைத்தவர் பிரதமர் அட்லி. ஆம், அடுத்த ஆண்டே நமது நாட்டு விடுதலைச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே அட்லிதான்.

சற்றுத் தள்ளி நடைபாலம் ஒன்றும் உண்டு. அன்னையாருக்கு முழங்கால் வலி. பாலத்து வழியே போகலாம் என்றோம். “அட்லி போட்ட கல்லில் நான் நடக்கக் கூடாதா?” என்று கேட்டு, புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, தங்கையின் தோளைப் பற்றியவாறு பதினேழையும் கடந்துவிட்டார். எதிர்க்கரையில் காத்திருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தொப்பியை எடுத்து வணங்கினார்.

அப்பால் ஏற்றம். மண்ணும் மரமும் கொண்டு அமைத்த படிகள் 275 என்று கணக்குச் சொல்கிறார்கள். பழனிப் படிகளில் பாதிகூட இல்லையே என்று அன்னையார் முன்னே நடந்தார். நூறாவது படியில் அமர்ந்தார். குழந்தையைத் தோளில் சுமந்து வந்த மைத்துனரும் உடன் அமர்ந்தார். இருபுறமும் சிறு இலைகளோடு அடர்ந்திருந்தவை பாக்ஸ் மரங்கள். குன்றுக்குப் பெயர் வந்தது இம்மரத்தால். பெட்டியால் வந்த பெயர் என்று நாம் எண்ணியது தவறு. நீரில் இட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான மரமாம். புத்தகப் படங்கள் அச்சிடும் கட்டைகளை முன்னாளில் இதில்தான் செதுக்கினார்கள்.

உச்சி 224 மீட்டர் உயரம். மலை என்று சொன்னால் நம்மவர் சிரிப்பர். ஆயினும் குன்றின் காட்சி மேடையிலிருந்து தெற்கே பார்க்கும்போது, கீழே டார்க்கிங் நகரம், அதற்கப்பால் வேலியிட்ட பசும்புலங்கள், மரச்செறிவுகள், இன்னும் அப்பால் நீலக் கோடு போல் மற்றொரு குன்றுத் தொடர் என்று கண் ஓய்வின்றிச் சென்றுகொண்டே இருக்கும். காட்சி மேடை லியோபோல்டு சாலமன்ஸ் என்பவரின் நினைவாக அமைந்தது. இக்குன்று விற்பனைக்கு வந்த காலத்தில், வீடு கட்டுவோர் கைக்குப் போகாதவாறு, 1914-இல் 230 ஏக்கர் நிலத்தை அவர் தம் பொருளால் வாங்கி நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்திற்கு அளித்தார். இன்றும் நடந்து ஏறுவோர்க்குக் கட்டணம் இல்லை. மோட்டார் நிறுத்துவோரிடம் மட்டும் வாங்குகிறார்கள், நல்ல ஏற்பாடு. வளைந்து வளைந்து ஏறும் சாலையில் மிதிவண்டிக்காரர் மூச்சிரைக்க வந்துகொண்டே இருந்தனர். 2012 ஒலிம்பிக் பந்தயத்தில் ஆடவர் இக்குன்றை ஒன்பது முறை சுற்றினார்கள்.

அன்னையாருக்கு ஒரே குறை, இவ்வளவு ஏறி வந்தும் கோயில் இல்லையே என்பது. கோயில் இல்லை, சமாதி ஒன்றுண்டு என்று மைத்துனர் அழைத்துச் சென்றார். லபிலியர் என்னும் இராணுவ மேஜரை 1800-ஆம் ஆண்டில், அவரது விருப்பப்படியே, தலைகீழாகப் புதைத்த இடம் அது. உலகமே தலைகீழாகிவிட்டது, ஒரு நாள் அது புரளும்போது தாம் நேராக நிற்கலாம் என்பது அவர் கருத்தென்று கூறுகிறார்கள். “பாவம், மனைவி மக்கள் இல்லையோ?” என்று மட்டும் அன்னையார் கேட்டார்.

புல்வெளியில் அமர்ந்து புளியோதரையைப் பிரித்தோம். அப்போதுதான் தங்கை, குரலைத் தாழ்த்தி, “அம்மா, அடுத்த மாதம் இங்கே வீடு வாங்குகிறோம். குழந்தையும் பள்ளிக்கூடம் போகப்போகிறாள். இனி ஊருக்கு வருவதெல்லாம் விடுமுறைக்குத்தான்” என்றாள். அன்னையார் விடை கூறவில்லை. நாம் கூறினோம்: “அப்படியானால் ஊர் வீட்டில் உன் பங்கு எவ்வளவென்று இப்போதே சொல்லிவிடு. தபாலில் அனுப்பிவிடுகிறோம்.” வேடிக்கையாகச் சொன்னதாகவே அப்போது எண்ணினோம். குழந்தை சிரித்தது, ஏனென்று அறியாமல். தங்கை இலையை மடித்துவிட்டாள். நாம் ஏறி வந்த விமானச் சீட்டே அவள் வாங்கியது என்பது அந்நேரம் நமக்குத் தோன்றவில்லை.

சற்றுப் பொறுத்து மைத்துனர், இக்குன்றைப் பற்றி ஜேன் ஆஸ்டின் எழுதியிருக்கிறாரே என்று கதை ஒன்று சொன்னார். 1815-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘எம்மா’ என்னும் நாவல். செல்வக் குடும்பத்துப் பெண்ணொருத்தி நண்பர்களுடன் இங்கே வனபோஜனத்திற்கு வருகிறாள். நயமான சொல் ஒன்று, அல்லது மந்தமான சொற்கள் மூன்று ஆளுக்கு ஆள் கூற வேண்டும் என்று ஒரு விளையாட்டு. மணமாகாத, கைப்பொருள் குன்றிய, ஓயாது பேசும் ஓர் அம்மையார், மூன்று மந்தச் சொற்கள் தமக்கு எளிது என்கிறார். மூன்றோடு நிறுத்துவதுதான் உமக்குக் கடினம் என்று எம்மா வேடிக்கையாகச் சொல்லிவிடுகிறாள். அம்மையாரின் முகம் சிவக்கிறது. நண்பர் ஒருவர் எம்மாவைத் தனியே கண்டித்தபின், வீடு செல்லும் வழியெல்லாம் அவள் அழுகிறாள். மறுநாள் காலையிலேயே அந்த அம்மையாரின் வீட்டுக்குப் போகிறாள். மைத்துனர் இதைக் குழந்தைக்குச் சொல்வது போலவே சொன்னார். நம் பக்கம் திரும்பவே இல்லை.

இறங்கும்போது அன்னையார் பாலத்து வழியே வந்தார். திரும்பும் வண்டியில் எவரும் அதிகம் பேசவில்லை. செல்ல விரும்பும் அன்பர்கள் வழுக்காத செருப்பும், வெயிலை நம்பாமல் குடையும் கொண்டு செல்க. மழைக்குப் பின் கற்கள் நீரில் மூழ்கிவிடுவதும் உண்டு.

மறுநாள் காலை, மற்றவர் எழுமுன், அடுக்களைக்குச் சென்றோம். தங்கை அடுப்பருகே நின்றிருந்தாள். “புது வீட்டில் அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் அறை இருக்குமா? மாடி ஏற முழங்கால் ஒத்துக்கொள்ளாது” என்று கேட்டோம். அவள் வடிகட்டியின் மூடியைத் திறந்து பார்த்தாள்.

“இருக்கிறது, அண்ணா. உட்கார், டிக்காஷன் இன்னும் இறங்கவில்லை” என்றாள்.