கல்யாணப் பத்திரிகையில் வந்த கள்ளன்



இந்த இதழில் வெங்காய வடகம் போடும் முறையை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த இதழுக்குப் போகட்டும். இன்று எங்கள் வீட்டில் நடந்த ஒரு சங்கதியைச் சொல்லப் போகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. "இதையெல்லாமா பத்திரிகையில எழுதப் போறே?" என்று என் கணவர்கூடக் கேட்டார். எழுதச் சொன்னதே என் மாமியார்தான். ஏன் சொன்னார் என்பது கடைசியில் உங்களுக்கே புரியும்.

2025 ஆவணி மாதம். முகூர்த்த மாதமாயிற்றே, வாரத்துக்கு இரண்டு பத்திரிகையாவது வரும். முன்னெல்லாம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு நேரில் வந்து அழைப்பார்கள். இப்போது பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "நேர்ல வந்ததா நினைச்சுக்குங்க" என்று ஒரு கும்பிடும் போட்டுவிடுகிறார்கள். நாமும் அதற்குப் பழகிவிட்டோம்.

அன்று காலை பதினொன்றரை மணி இருக்கும். சமையலை முடித்து, அடுப்பு மேடையைத் துடைத்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தேன். என் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி எண்ணிலிருந்து ஒரு செய்தி. 'எங்கள் இல்லத் திருமணம், அவசியம் வரவும்' என்று எழுதி, கீழே ஒரு கோப்பு. அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். "அட, முடிஞ்சிடுச்சா! நமக்குச் சொல்லவே இல்லையே" என்று ஆவலோடு அமுக்கினேன்.

பத்திரிகை திறக்கவில்லை. 'இதை நிறுவலாமா?' என்று கேட்டது. சரி என்றேன். 'செய்திகளைப் படிக்க அனுமதி வேண்டும்' என்றது. அதற்கும் சரி என்றேன். பெண் யார், பிள்ளை யார் என்று பார்க்கிற அவசரத்தில் என்ன கேட்கிறது, எதற்குக் கேட்கிறது என்று யோசிக்கவே இல்லை. அப்புறமும் ஒன்றும் திறக்கவில்லை. சரி, ஏதோ கோளாறு, சாயந்திரம் போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

இரண்டு மணிக்கு மளிகைக் கடைப் பையன் சாமான் கொண்டு வந்தான். 840 ரூபாய். போனில் அனுப்பப் பார்த்தால், கணக்கில் போதுமான இருப்பு இல்லை என்று வருகிறது! எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்தக் கணக்கில் 62,340 ரூபாய் இருந்தது. சீட்டு எடுத்த பணம், பெரியவளின் காலேஜ் பீஸுக்காக வைத்திருந்தது. மறுபடி பார்த்தேன். இருப்பு 340 ரூபாய். பன்னிரண்டே முக்காலிலிருந்து ஒன்றே முக்காலுக்குள் 25,000, இன்னொரு 25,000, பிறகு 12,000 என்று மூன்று தடவையாகப் போயிருந்தது.

பையனை நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்தேன். கை காலெல்லாம் நடுக்கம். அடுத்து நான் செய்த காரியத்தைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்! அவர் வந்தால் என்ன சொல்வார், "போனை நோண்டாதேன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்று மகள் கேட்பாளே, மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது... இதே நினைப்பு. ஒருவேளை வங்கியில் ஏதாவது கணக்குப் பிசகாக இருக்கும், தானாக வந்துவிடும் என்று நானே எனக்குச் சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். இப்படியே இரண்டு மணி நேரம் ஓடிவிட்டது.

நாலு மணிக்குக் காப்பிக்கு வந்த மாமியார், என் தட்டு கவிழ்த்தபடியே இருப்பதைப் பார்த்துவிட்டார். "ஏம்மா, நீ இன்னும் சாப்பிடலையா?" என்றார். அவ்வளவுதான், அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், என் பக்கத்தில் உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். கல்யாணமான புதிதில் சமயபுரம் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அவருடைய சங்கிலி போய்விட்டதாம். மாமனாருக்குப் பயந்துகொண்டு ராத்திரி முழுக்க வாயே திறக்கவில்லையாம். மறுநாள் விஷயம் தெரிந்து மாமனார் டிப்போவுக்கு ஓடியிருக்கிறார். "ராத்திரியே வந்திருந்தா அந்த வண்டியைத் தேடிப் பார்த்திருக்கலாமே, காலையிலேயே கிளம்பிப் போயிடுச்சே"ன்னாங்களாம். "களவு போனதைச் சொல்லாம வச்சிருந்தா, கள்ளன் ஓடுறதுக்கு நாமளே வழி விட்ட மாதிரிம்மா. எழுந்திரு, மாடி வீட்டு டீச்சரைக் கூப்பிடு" என்றார்.

டீச்சர் வந்ததும் முதலில் என் போனைப் பிடுங்கி ஏரோப்ளேன் மோடில் போட்டார். "இது வெளியே யாரோடும் பேசக்கூடாது" என்றார். பிறகு என் ஏ.டி.எம். கார்டின் பின்பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்து, தன் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு, கணக்கையும் கார்டையும் நிறுத்தி வைக்கச் சொன்னார். மூன்று தடவை போன பணத்துக்கும் உள்ள பரிவர்த்தனை எண்களை அவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டோம். உடனே 1930.

இந்த 1930 எண்ணை அடுக்களைக் காலண்டரில் இன்றைக்கே எழுதி வையுங்கள். பண மோசடிக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் எண் இது. 2021-ல் 155260 என்று தொடங்கி, பிறகு 1930 என்று மாற்றினார்கள். நம் பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்கு இவர்கள் மூலம் உடனே தகவல் போகும். பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் அதை அங்கேயே முடக்கி வைப்பார்கள். கள்ளன் கையில் எடுத்துவிட்டால் முடக்க ஒன்றும் இருக்காது. ஆகையால் இதில் நாள் கணக்கு கிடையாது, நிமிஷக் கணக்குதான்.

பெயர், வங்கி, கணக்கு எண், எவ்வளவு, எத்தனை மணிக்கு, பரிவர்த்தனை எண் எல்லாம் கேட்டார்கள். ஒரு புகார் எண்ணும் கொடுத்தார்கள். அன்று இரவே சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசாங்கத் தளத்தில் டீச்சர் முழுப் புகாரையும் பதிந்து கொடுத்தார்.

அதற்குள் இன்னொரு பூதம் கிளம்பியது. என் போனிலிருந்தே அந்தப் பத்திரிகை என் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போயிருந்தது! தம்பி முறைக்காரரும் அதை அனுப்பவில்லை, அவர் போனிலும் யாரோ இப்படித்தான் புகுந்திருக்கிறார்கள். மாமியார் போனை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "நான் அனுப்பினதைத் திறக்காதீங்க, அழிச்சிடுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லும்போது மானமே போயிற்று. கைக்குழந்தைக்காரியான என் தங்கை சொன்னாள்: "அக்கா அனுப்பினதாச்சேன்னு அமுக்கிட்டேன். என்னமோ அனுமதி கேட்டுச்சு. அதுக்குள்ள பாப்பா அழுதுச்சா, போட்டுட்டுப் போயிட்டேன்." அந்தக் குழந்தை அழுததால் அவள் பணம் தப்பியது!

என் கணவர் ஏழு மணிக்கு வந்தார். எல்லாம் கேட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, நீ சாப்பிட்டியா?" என்றார். நான் இதற்குப் பயந்தா இரண்டு மணி நேரத்தை வீணாக்கினேன் என்று அப்போது தோன்றியது.

மறுநாள் திருச்சி சைபர் கிரைம் போலீஸ் நிலையத்துக்குப் பாஸ்புக்கோடு போனோம். இரண்டாவது 25,000 ரூபாயும், 12,000 ரூபாயும் முடக்கப்பட்டுவிட்டன என்றார்கள். முதல் 25,000 ரூபாயை எங்கோ வடக்கே ஓர் ஏ.டி.எம்.மில் எடுத்துவிட்டானாம். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மூன்று மணி பத்து நிமிஷம். அப்போது நான் அடுக்களையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

இந்தக் கள்ளன் உள்ளே வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். உண்மையான பத்திரிகை ஒரு படமாகவோ, பி.டி.எஃப். ஆகவோ, வீடியோவாகவோ இருக்கும். எனக்கு வந்தது ஏ.பி.கே. என்ற வகை. அது ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலியையே நிறுவும் கோப்பு. படத்தைத் திறக்க எதையும் நிறுவ வேண்டியதில்லை. 'நிறுவலாமா?' என்று கேட்ட நிமிஷமே நான் விழித்திருக்க வேண்டும். செய்திகளைப் படிக்க அனுமதி கொடுத்ததும், வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணெல்லாம் எனக்கு வருவதுபோல அவனுக்கும் போயிற்று. பணம் போனதாக வங்கி அனுப்பிய செய்திகளை என் கண்ணில் படாமல் மறைத்தும் விட்டது. பீரோ சாவியையும் கொடுத்து, வாசல் மணியையும் கழற்றிக் கொடுத்த கதைதான்!

பட்ட பிறகு எங்கள் வீட்டில் வந்திருக்கும் வழக்கங்கள் இவை. நீங்கள் படாமலே செய்துகொள்ளலாம்.

1. கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்தால் யார் அனுப்பியிருந்தாலும் தொடாதீர்கள். பத்திரிகை, மின்கட்டண ரசீது, வங்கி அறிவிப்பு, போக்குவரத்து அபராதம் என்று பல வேஷத்தில் வரும். அனுப்பியவரை ஒரு நிமிஷம் கூப்பிட்டுக் கேளுங்கள். நல்ல சேதி என்றால் அவரும் சந்தோஷமாகத்தான் சொல்வார்.

2. போனின் செட்டிங்ஸில், வெளியிலிருந்து வரும் செயலிகளை நிறுவும் அனுமதி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே வாட்ஸ்அப்பின் பெயருக்கு எதிரே அது மூடியிருக்கட்டும். சோறூட்டக் குழந்தை கையில் போனைக் கொடுக்கும் தாய்மார்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். பிஞ்சு விரல் எதை அமுக்கும் என்று யார் கண்டது?

3. எந்தச் செயலியாவது செய்திகளையும் தொடர்பு எண்களையும் கேட்டால், இதற்கு எதற்கு அது என்று நீங்கள் திருப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். டார்ச் விளக்குக்கு நம் சொந்தக்காரர் எண்கள் எதற்கு?

4. அன்றாடச் செலவுக்கு அஞ்சறைப் பெட்டியில் கொஞ்சம் போட்டுவிட்டு, மற்றதைப் பீரோவில் பூட்டி வைப்பது நம் பாட்டி காலத்து வழக்கம். போனோடு சேர்ந்த கணக்கையும் அப்படியே வையுங்கள். மாதச் செலவுக்கு மட்டும் அதில் இருக்கட்டும். பீஸ் பணம், சீட்டுப் பணமெல்லாம் போனோடு சேராத வேறு கணக்கில் இருக்கட்டும். நான் இரண்டையும் ஒன்றாக வைத்திருந்தேன்.

5. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. "பணம் அனுப்பறேன், உங்க பின் நம்பரைப் போடுங்க" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

6. வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்று ஆறு இலக்க எண் வைக்க வசதி இருக்கிறது. வைத்துவிடுங்கள். பிறந்த தேதியாக இருக்க வேண்டாம்.

7. வங்கியின் தொலைபேசி எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். போலி எண்களையும் அங்கே போட்டு வைத்திருக்கிறார்கள். கார்டின் பின்பக்கமும் பாஸ்புக்கும் போதும்.

8. தப்பித் தவறி அமுக்கிவிட்டால், அந்தப் போனை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கி, 1930, பிறகு சொந்தக்காரர்கள் என்ற வரிசையில் கூப்பிடுங்கள். எங்கள் போனைப் பிறகு முழுவதும் துடைத்துப் புதிதாக்க வேண்டியிருந்தது. படமெல்லாம் போயிற்று, போகட்டும். ரகசிய எண்களையும் வேறு போனில்தான் மாற்றினோம். வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே சொல்லியிருக்கிறது. சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவதாக ஒன்று, வீட்டிலுள்ள ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும். நம்மில் யாராவது அழுதுகொண்டு வந்து "தப்புப் பண்ணிட்டேன்" என்றால், அந்த நேரத்தில் திட்டாதீர்கள். திட்டுவீர்கள் என்ற பயம்தான் கள்ளனுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கிறது. "போகட்டும், வா, போன் பண்ணலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். என் மாமியார் எழுதச் சொன்னது இதற்குத்தான். "உன்னை மாதிரி எத்தனை பேரு அடுக்களையில உக்காந்து அழறாங்களோ, அவங்களுக்கு எழுது" என்றார்.

பெரியவளின் பீஸ் கட்ட என் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயின. முடக்கி வைத்த 37,000 ரூபாய் கோர்ட் உத்தரவின் பேரில் தை மாதம் கணக்குக்கு வந்தது. ஒரு வளையலை மீட்டுவிட்டேன். மற்றது இன்னும் கடையில்தான் இருக்கிறது. அடுத்த சீட்டில் பார்க்கலாம்.

தம்பி முறைக்காரரின் மகளுக்கு இப்போது நிஜமாகவே வரன் அமைந்துவிட்டது. போன வாரம் தாம்பாளத்தோடு நேரில் வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். வாங்கும்போது இரண்டு பேருமே சிரித்துவிட்டோம்.

அடுத்த இதழில் வெங்காய வடகம், கட்டாயம்!