எலி எங்கே போய்விடும்?

இளங்கன்று பயமறியாது என்பார்கள். இங்கிலாந்துப் பண்ணைகளில் எலி பிடிக்க வளர்க்கிறார்களே 'டெரியர்' நாய்கள், அவற்றின் குட்டியும் அப்படித்தான், நேயர்களே! 4 மாதத்திலேயே எலி வாசனை கண்டால் சங்கிலியை இழுக்கும். எஜமானருக்கும் அவிழ்த்துவிடக் கை பரபரக்கும்.

அனுபவசாலியோ பொறுப்பார். பால்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைக்க 6, 7 மாதமாகும். எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும். கூப்பிட்டால் திரும்பி வருகிறதா, கோழியைத் துரத்தாமலிருக்கிறதா என்றும் பார்ப்பார்.

அவசரப்பட்டால் என்னவாம்? பெரிய எலி ஒன்று மூக்கைப் பதம் பார்த்துவிடும். அன்று புகுந்த பயம் ஆயுளுக்கும் தங்கிவிடலாம்.

எலி எங்கே போய்விடும், ஸார்? அடுத்த வருஷமும் இருக்கும். குட்டியின் தைரியம் போனால் திரும்பி வருமா?