குட்டையின் ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும்

பண்ணைக்குட்டை வெட்டும் வேலை பல ஊர்களில் நடந்து வருகிறது. நல்ல காரியமே. ஆனால் நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டி, கரை வரை பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையில் தண்ணீர் நிற்கிறதே தவிர உயிர் தங்குவதில்லை. தண்ணீர் குடிக்க இறங்கும் கீரியும் ஆட்டுக்குட்டியும் தாளில் வழுக்கி, மேலேற முடியாமல் மூழ்கிவிடுகின்றன.

பாசன நீரைத் தேக்கும் பெரிய குட்டைக்குத் தாள் தேவைப்படலாம். தவளைக்கும் தும்பிக்கும் என்று நிலத்தின் தாழ்ந்த மூலையில் அமைக்கும் சிறு குட்டைக்கு அது வேண்டியதில்லை. 18 அடி நீளம், 12 அடி அகலம் போதும், அரை சென்ட்தான். இரண்டு ஏக்கர்காரருக்கு அரை சென்ட்டும் பெரிதுதான். ஆனால் இரவெல்லாம் வயலில் பூச்சி பிடிக்கும் தவளைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. தவளைக்கால் ஏற்றுமதியை மத்திய அரசு 1987-இல் தடை செய்தது. பிடிப்பது நின்றது சரி, முட்டையிட இடம் வேண்டாமா?

செலவு அதிகமில்லை. நடுவில் 3 அடி ஆழம் வெட்டி, ஒரு பக்கத்தை மட்டும் ஓர் அடி ஆழத்துக்கு 3 அடி நீளம் என்ற கணக்கில் சரித்துவிட வேண்டும். களிமண் நிலமானால் நீர்விட்டு மிதித்தாலே போதும். செம்மண்ணானால் அனுமதி பெற்று ஏரி வண்டலைக் கொண்டுவந்து, அரை அடி கனத்துக்குப் பரப்பி, ஈரம் காயுமுன் நன்றாக மிதிக்க வேண்டும். புரட்டாசியில் வேலையை முடித்தால், வண்டல் வெடிக்குமுன் மழை வந்துவிடும்.

சரிவில் பதிக்க, இடித்த வீட்டுச் செங்கல், உடைந்த நாட்டு ஓடு, கொல்லையில் கிடக்கும் பழைய அம்மி எதுவானாலும் சரி. இடுக்கு விட்டு அடுக்கினால் தவளை ஒண்டிக்கொள்ளும். சுண்ணாம்பு, சிமெண்ட் ஒட்டியிருந்தால் தட்டி எடுத்துவிட்டு, சில நாள் நீரில் ஊறப்போட்டுக் கழுவிய பிறகே பதிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் துண்டு வேண்டவே வேண்டாம். மருந்து தெளிப்பானைக் குட்டையில் கழுவுவதும் கூடாது.

மீன்குஞ்சு விடப் பலருக்கும் ஆசை வரும். அது தலைப்பிரட்டையைத் தின்றுவிடும். கொசு பெருகுமே என்றால், தும்பியின் இளம்புழு தண்ணீருக்குள்ளேயே வளர்ந்து கொசுப்புழுவைத் தின்கிறது. பாம்பு வரும் என்ற அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. தவளை இருக்குமிடத்தில் பாம்பும் வரும். ஆகவே வீட்டையும் களத்தையும் விட்டுத் தொலைவாக அமைப்பது நலம். கரையில் கோரையும் வல்லாரையும் வளரட்டும். ஆகாயத்தாமரையை மட்டும் அண்டவிடக் கூடாது.

கோடையில் குட்டை வற்றினால் வீணாயிற்று என்று மூடிவிட வேண்டாம். தவளை மண்ணுக்குள்ளும் வரப்பு வளையிலும் பதுங்கியிருந்து, மழைக்கு வெளியே வரும். அதற்கு முன் வெடிப்புகளில் இரண்டு கூடை வண்டலைப் போட்டு, நீர் தெளித்து மிதித்துவிட்டால் போதும்.