கம்பெனி கேட் திறந்தது, மைதான கேட் திறக்கவில்லை: கொரோனா காலத்தில் ஊர் டீம் பசங்களுக்கு என்ன ஆச்சு?

தடுப்பூசி, ஆக்சிஜன், ஆன்லைன் கிளாஸ். கொரோனா காலம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இவைதான். சாயங்காலம் கபடிக்கும் வாலிபாலுக்கும் வந்துகொண்டிருந்த பசங்க அந்த மாதங்களில் எங்கே போனார்கள் என்று நாம் அதிகம் பேசவில்லை.

2025 மே 20-ல் உலக சுகாதார சபை, பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அடுத்த தொற்றுக்கு உலக நாடுகள் இப்போதே தயாராக வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். சரி, நம்ம ஊர் விளையாட்டு கிளப்கள் எப்படித் தயாராவது? திருப்பூர் மாவட்டம் கொமரலிங்கம் போன்ற ஒரு ஊரை வைத்துப் பார்ப்போம்.

ஊர் கிளப் என்றால் என்ன?

மடத்துக்குளம் தாலுகாவில், அமராவதி ஆற்றங்கரையில் இருக்கும் பேரூராட்சி கொமரலிங்கம். ஒரு பக்கம் வயல். இன்னொரு பக்கம் உடுமலை வட்டார நூற்பாலைகளும் திருப்பூர் பனியன் தொழிலும்.

இதுபோன்ற ஊர்களில் கிளப் என்றால் பெரிய கட்டடமோ மாதக் கட்டணமோ கிடையாது. ஒரு பி.டி. வாத்தியார் அல்லது சீனியர் பிளேயர், ஒரு நெட், ரெண்டு பந்து. மைதானம் பெரும்பாலும் அரசுப் பள்ளியுடையதுதான். அதனால் பள்ளிக்குப் பூட்டு போட்டால் கிளப்புக்கும் பூட்டுதான்.

எது முதலில் திறந்தது?

2020 மார்ச்சில் எல்லாம் மூடப்பட்டது. மே மாதமே திருப்பூர் பனியன் கம்பெனிகள் கட்டுப்பாடுகளுடன் இயங்கத் தொடங்கின. பள்ளிகளில் 10, 12-ஆம் வகுப்புகள் 2021 ஜனவரி 19-லும், 9, 11-ஆம் வகுப்புகள் பிப்ரவரி 8-லும் திறந்தன. இரண்டாம் அலையில் மறுபடி மூடல். 9 முதல் 12 வரை 2021 செப்டம்பர் 1-லும், 1 முதல் 8 வரை நவம்பர் 1-லும்தான் வகுப்புக்கு வந்தார்கள்.

அதாவது, 2020 மார்ச்சில் 6-ஆம் வகுப்பில் இருந்த பையன் திரும்பி வந்தபோது 8-ஆம் வகுப்பு. இடையில் 19 மாதங்கள்.

இரண்டாம் அலையின் கொடூரத்தைப் பார்த்தவர்கள் மூடியது தப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் கம்பெனி கேட் திறந்திருந்து, பள்ளி கேட்டும் மைதான கேட்டும் மூடியிருந்தால் பசங்க எந்தப் பக்கம் போவார்கள்?

பசங்க எங்கே போனார்கள்?

சி.ஏ.சி.எல் என்ற குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு அமைப்பு, தமிழ்நாட்டின் 24 மாவட்டங்களில் நலிந்த குடும்பங்களைச் சேர்ந்த 818 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தி 2021-ல் வெளியிட்டது. கொரோனாவுக்கு முன் வேலைக்குப் போனவர்கள் 231 பேர். பிறகு 650 பேர். இது எல்லாக் குழந்தைகளுக்குமான கணக்கு அல்ல. ஆனால் நெருக்கடி வந்தால் முதலில் யார் படிப்பை விடுகிறார்கள் என்பதை இது காட்டுகிறது.

14 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 14 முதல் 18 வரை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. ஆனாலும், வீட்டில் வருமானம் நின்ற நேரத்தில் பிசிறு வெட்டுவது, கை மடிப்பது போன்ற வேலைக்குக் கிடைக்கும் சனிக்கிழமை சம்பளம் பெரிய விஷயம். அந்தக் கைக்காசைப் பார்த்த பையனை மறுபடி மைதானத்துக்கு வரவைப்பது லேசான காரியம் இல்லை.

விளையாட்டை மாற்றி நடத்த வழி இருந்ததா?

இருந்தது. பார்வையாளர் இல்லாமல் விளையாட்டு வளாகங்களைத் திறக்கலாம் என 2020 மே 17-லேயே மத்திய உள்துறை அமைச்சகம் அனுமதித்தது. அதே மாதம் இந்திய விளையாட்டு ஆணையம், உடல் தொடுதல் எவ்வளவு என்பதை வைத்து விளையாட்டுகளைப் பிரித்து, பயிற்சி வழிகாட்டுதல் கொடுத்தது.

பெரிய வீரர்கள் சமாளித்தார்கள். வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி சென்னை வீட்டு மொட்டை மாடியில் பயிற்சி செய்தார். 2021-ல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய வாள்வீச்சு வீரரும் ஆனார். புரோ கபடி லீக் ஒரு சீசனை விட்டுவிட்டு, 2021 டிசம்பரில் பெங்களூரில் பயோ பபுளுக்குள் நடந்தது.

ஊர் டீமுக்கு பபுளும் கிடையாது, ஸ்பான்சரும் கிடையாது. வீட்டில் இருப்பது ஒரே போன். அதில் அக்காவுக்கு ஆன்லைன் கிளாஸ். வீடியோவில் கோச்சிங் கொடுப்பது இங்கே எடுபடாது.

அப்போ என்ன செய்யலாம்?

* சின்ன குழு: 20 பேரை மொத்தமாக வரச் சொல்லாமல், ஒரே தெருவில் இருக்கும் 4, 5 பேரைத் தனிக் குழுவாக்கலாம். குழுக்களைக் கலக்கக் கூடாது.
* தொடாத பயிற்சி: கபடியில் பிடி வேண்டாம். ரைடருக்கான கால் நகர்வு, மூச்சுப் பயிற்சி, ஓட்டம் போதும். வாலிபாலில் சுவரில் பந்தடித்துப் பழகலாம்.
* குறைந்த நேரம்: 5 முதல் 17 வயது வரை சராசரியாக தினமும் 60 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு ஸ்டேடியம் தேவையில்லை.
* வருகைப் பதிவேடு: முக்கியமானது இதுதான். மைதானம் முழுசாக மூடினாலும், பயிற்சியாளர் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட வேண்டும். "தம்பி வேலைக்குப் போறான் சார்" என்ற பதில் வந்தால், தலைமை ஆசிரியருக்குச் சொல்லலாம். 1098 குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது.

போட்டி இல்லாத வருடம் திரும்பக் கிடைக்குமா?

பள்ளி விளையாட்டில் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவுகள். 13 வயதில் ஆட வேண்டிய போட்டி நடக்கவில்லை என்றால், 15 வயதில் அனுபவமே இல்லாமல் நேராக அடுத்த பிரிவில் ஆட வேண்டும். கேலோ இந்தியா இளைஞர் போட்டி 2020 ஜனவரியில் குவாஹாட்டியில் நடந்தது. அடுத்தது 2022 ஜூனில் ஹரியானாவில்தான்.

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள், அரசு வேலையில் 3% ஒதுக்கீடு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்குப் போட்டி வேண்டும்.

மற்ற நாடுகளில்?

இங்கிலாந்தில் மூன்றாவது ஊரடங்கைத் தளர்த்தியபோது, திறந்தவெளி விளையாட்டை 2021 மார்ச் 29-ல் அனுமதித்தார்கள். அத்தியாவசியமற்ற கடைகள் ஏப்ரல் 12-ல்தான் திறந்தன. முதலில் மைதானம், அப்புறம் கடை. நம்மூரில் டாஸ்மாக் 2020 மே மாதமே திறந்துவிட்டது என்பதையும் இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

இனி?

பாட இழப்பை ஈடுகட்ட, தமிழ்நாடு அரசு 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' கொண்டுவந்தது. தன்னார்வலர்கள் தெருத்தெருவாகப் போய்ப் பாடம் நடத்தினார்கள். விளையாட்டுக்கு அப்படி ஒன்று வரவில்லை. 2024-ல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம் 12,525 கிராம ஊராட்சிகளுக்கானது. பந்தும் நெட்டும் நல்லதுதான். ஆனால் மைதானம் மூடினால் அவை பீரோவுக்குள் போய்விடும்.

அதனால் ஊர் கிளப்களும் பி.டி. ஆசிரியர்களும் இப்போதே செய்ய வேண்டியது ஒரு பக்கத் திட்டம். யார் யார் எந்தக் குழு, எந்த இடம், யார் போன் செய்வது, விடுபட்ட வயதுப் பிரிவுக்கு என்ன கோரிக்கை. கோப்பை ஒரு வருடம் தள்ளிப் போனால் பரவாயில்லை. டீம் லிஸ்ட்டில் இருந்து ஒரு பேர்கூட கம்பெனி லிஸ்ட்டுக்குப் போகக் கூடாது.