பேசக் கற்பித்துவிட்டு வாயை மூடு என்பவர்கள்

அமெரிக்காவில் ‘செவ்வியல் கிறித்தவக் கல்வி’ என்றொரு இயக்கம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்ந்துவருகிறது. 1981இல் ஐடஹோ மாநிலத்தின் மாஸ்கோ நகரில் லோகோஸ் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான போதகர் டக்ளஸ் வில்சன் அதன் முன்னோடி. அறிவும் ஒழுக்கமும் விசுவாசமும் ஒருங்கே வளர்ந்த முழு மனிதரை உருவாக்குவதே நோக்கம் என்கிறார்கள். வேலைக்கு ஆள் தயாரிப்பது கல்வியல்ல என்கிறார்கள். இரண்டிலும் எனக்கு மறுப்பில்லை. இலத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்யும் குழந்தைகளைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டேன். தொல்காப்பியம் நடத்துகிறவள் நான். இலக்கணத்தோடு எனக்கென்ன பகை?

என் கேள்வி வேறு. அந்த முழு மனிதர் யார்?

இக்கல்வியின் அடித்தளமாக அவர்கள் கொண்டாடுவது ஒரு பெண்ணின் சொல். 1947இல் ஆக்ஸ்ஃபோர்டில் டாரதி சேயர்ஸ் ஆற்றிய உரை அது. இலக்கணம், தருக்கம், சொற்கலை என்ற இடைக்கால முக்கலைகளைக் குழந்தையின் மூன்று பருவங்களோடு அவர் பொருத்தினார்: கிளிபோல் ஒப்பிக்கும் பருவம், எதிர்த்துக் கேட்கும் பருவம், தன்னை வெளிப்படுத்தத் தவிக்கும் பருவம். இதே சேயர்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் 1915இலேயே முதல் வகுப்பில் தேறியவர். பட்டம் கைக்கு வந்தது 1920இல். அதுவரை அங்கே பெண்களுக்குப் பட்டம் கிடையாது. 1938இல் ‘பெண்கள் மனிதர்களா?’ என்று கேட்டே ஓர் உரை நிகழ்த்தியவரும் அவர்தான்.

வில்சனோ, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும், பெண் போதகராகக் கூடாது என்று வெளிப்படையாக எழுதுபவர். எல்லாப் பள்ளிகளும் அவரை வழிமொழிவதில்லை. வழிமொழியும் இடங்களில் நடப்பதைப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் ஒரு சிறுமிக்கு எதிர்வாதம் கற்றுத்தருகிறார்கள். பதினேழில் மேடையேற்றி வாதிடச் செய்கிறார்கள். பிறகு? சபையில் பிரசங்க பீடம் அவளுக்கில்லை. வீட்டில் இறுதி முடிவும் அவளுடையதில்லை.

பழைய தந்திரம்தான் இது. பிரான்சின் சார்த்ர் பேராலயத்து மேற்கு வாயிலில், 12ஆம் நூற்றாண்டிலேயே இக்கலைகளைப் பெண்ணுருவங்களாகச் செதுக்கினார்கள். அவற்றைக் கற்பித்த இடைக்காலப் பல்கலைக்கழகங்களிலோ பெண்ணுக்கு இடமில்லை. மெக்சிகோவின் கன்னித்துறவி சோர் ஹுவானா 1691இல், வேதாகமத்தையும் செவ்வியல் நூல்களையும் சான்றுகாட்டி, பெண்ணின் கல்வியுரிமைக்காக ஒரு பிஷப்புக்குப் பதில் எழுதினார். அவரைவிடச் சிறந்த செவ்வியல் கிறித்தவ மாணவி உண்டா? சில ஆண்டுகளிலேயே அவர் பேனா அடங்கியது.

சபையின் ஒழுங்கு வேறு, பள்ளி வேறு என்று தப்பிக்க முடியாது. அறிவையும் விசுவாசத்தையும் பிரிக்கக் கூடாது என்பதுதானே உங்கள் தத்துவம்! ஒரு பெண்ணின் போதனைமீது பள்ளி கட்டியவர்கள், பெண் போதிக்கத் தகாதவள் என்று சொன்னால் இரண்டில் ஒன்று பொய். எது பொய் என்று கண்டுபிடிக்கும் தருக்கத்தை அந்தச் சிறுமிக்கு நீங்களே கற்றுத்தந்திருக்கிறீர்கள்.

அவள் கேட்கத்தான் போகிறாள். பதில் வைத்திருங்கள்.