மடல் பிரிக்கும் கை

தோழா!

திருவண்ணாமலையில் பௌர்ணமி கழிந்தபின் கோயில் உண்டியலைத் திறப்பார்கள், அறிவாய். இருட்டிலா திறக்கிறார்கள்? இல்லை. அறநிலையத் துறை அதிகாரிகள் முன்னிற்கப் பூட்டுத் திறக்கப்படுகிறது. கொட்டிய காசு பலர் கண்காண எண்ணப்படுகிறது. தொகை இவ்வளவென்று நாளேட்டில் செய்தி வருகிறது. ஏழை போட்ட பத்து ரூபாய்க்கு இத்தனை காவல்! நல்ல முறைதான்.

அந்த ஏழையின் சட்டைப் பையிலே இன்னொரு பெட்டி இருக்கிறது. கைப்பேசி! மனைவிக்கு எழுதியது, மருத்துவர் சொன்னது, கட்சிக் கிளைக்கு அனுப்பிய கணக்கு, கடன்காரனிடம் கெஞ்சியது, அத்தனையும் அதற்குள்ளே கிடக்கின்றன. அதைத் திறப்பவர் யார்? யார் முன்னிலையில்? எந்த ஏட்டில் செய்தி வந்தது?

சட்டம் இல்லாமலில்லை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43, 66 ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. உடையவன் இசைவின்றி, நேர்மையற்ற நோக்கோடு கணினிக்குள் நுழைந்து, சேமித்து வைத்ததை எடுப்பவனுக்கு 3 ஆண்டுவரை சிறை, அல்லது 5 இலட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே. பிறர் கடவுச்சொல்லைக் களவாடிப் பயன்படுத்துவோனுக்கு 66-சி பிரிவு. அங்கும் 3 ஆண்டு. பக்கத்து வீட்டான் உன் மின்னஞ்சலைத் திறந்தால் காவல் நிலையம் செல்; தயங்காதே.

ஆனால், தோழா, 69-ஆம் பிரிவையும் படி! அங்கே திறப்பவன் பக்கத்து வீட்டான் அல்லன், அரசு. அனுப்பியதை, பெற்றதை, சேமித்ததை, எதையும் பார்க்க ஆணையிடலாம். பூட்டை அவிழ்க்க உதவ மறுத்தால் 7 ஆண்டுவரை சிறை. களவாடியவனுக்கு மூன்று, காட்ட மறுத்தவனுக்கு ஏழு! எந்தத் தராசில் நிறுத்தார்களோ!

ஆணையிடுபவர் யார்? உள்துறைச் செயலாளர். சரிபார்ப்பவர்? செயலாளர்களே அடங்கிய குழு. நீதிபதி? அரங்கிலேயே இல்லை! நாடகம் எழுதிப் பழகியவன் சொல்கிறேன்: குற்றம் சாட்டுபவனும் தீர்ப்புச் சொல்பவனும் ஒரே ஒப்பனையறையிலிருந்து வந்தால், முடிவு முதற் காட்சியிலேயே தெரிந்துவிடும்.

அந்தக் குழு இரண்டு மாதத்துக்கொருமுறை கூடுகிறது. ஒவ்வோர் அமர்விலும் அதன்முன் குவிவன 15,000 முதல் 18,000 ஒட்டுக்கேட்பு ஆணைகள். எதிர்க்கட்சி மேடையில் சொன்ன கணக்கன்று. 2018-இல் நீதியரசர் ஸ்ரீகிருஷ்ணா குழுவின் அறிக்கை சொன்னது. எட்டு மணி நேரம் அவர்கள் இமை கொட்டாமல் அமர்ந்திருந்தாலும், ஓர் ஆணைக்கு இரண்டு நொடி கிடைக்காது. கையொப்பம் யாருடையது என்று பார்க்கவே போதாத நேரம்!

மடல் பிரிக்கும் கை புதிதன்று. 1844-இல் இலண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த மாஜினி, தன் கடிதங்கள் வழியில் பிரிக்கப்படுவதாக ஐயுற்றார். உள்ளே மணலும் கசகசாவும் மயிரிழையும் வைத்து அனுப்பச் செய்தார். மடல்கள் வந்தன, மணல் வரவில்லை! நாடாளுமன்றத்தில் டங்கோம்ப் எழுந்து கேட்டார். ஆணையிட்டதை உள்துறை அமைச்சர் கிரகாம் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. நாடே கொதித்தது.

இங்கே? தபாலைப் பிரிக்க விரிந்த அதிகாரம் தரும் மசோதா 1986-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் கையெழுத்திட மறுத்துக் கிடப்பில் வைத்தார். ஆனால் 2023-இல் வந்த புதிய அஞ்சலகச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு திறக்கும் அதிகாரத்தைத் தாங்கி வந்தது. 2024 ஜூன் 18 முதல் நடப்பிலும் இருக்கிறது. இம்முறை எந்தப் பேனாவும் தயங்கவில்லை.

"வெடிகுண்டு வைப்பவனை விட்டுவிடுவதா?" என்பார்கள். விடவேண்டாம்! நீதிபதியிடம் காரணத்தைக் காட்டிவிட்டுத் திற என்கிறோம். சேமித்த மின்மடல்களுக்கென்றே அமெரிக்கா 1986-இல் சட்டம் செய்தது. உள்ளடக்கத்தைப் படிக்க நீதிமன்ற வாரண்ட் வேண்டுமென்றது. 180 நாள் கடந்த மடலுக்கு மட்டும் ஓர் ஓட்டை விட்டது. அந்த ஓட்டையும் தவறென்று 2010-இல் அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொன்று. ஆட்சி நம் கைக்கு வந்தால் சாவி இனிக்கும் என்று நம்மிலும் சிலர் எண்ணக்கூடும். கருநாடகத்தில் 1988-இல் ஒட்டுக்கேட்புக் குற்றச்சாட்டால் முதல்வர் பதவியை விட்டிறங்கிய இராமகிருஷ்ண ஹெக்டே, டில்லியை எதிர்த்து மாநில உரிமை பேசியவர்தாம். அவரை மறவாதே.

2011-இல் ஒருவரது தொலைபேசியை ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை பிறப்பித்த ஆணையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. தனிமை மனிதனின் அடிப்படை உரிமை. பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இன்றி அதற்குள் நுழையாதே என்றது. ஆணைக்கும் தீர்ப்புக்கும் இடையே 14 ஆண்டுகள்! பேசியதெல்லாம் கேட்டு முடிந்தபின் வந்த நீதி.

ஆதலால், தோழா, அடுத்த கூட்டத்துக்கு உன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வரும்போது மாலை போடு, போட்டுவிட்டுக் கேள்: "69-ஆம் பிரிவில் 'நீதிபதி' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கும் திருத்தத்தை எந்தக் கூட்டத்தொடரில் கொண்டுவரப் போகிறீர்கள்?"